நூறில் ஒரு பங்கு

ஒரு வினாடியை நூறு கூறாக்கினால் அதில் ஒரு கூறு எவ்வளவு? கண்ணிமைக்கும் பொழுதினும் குறைவு. அந்த ஒரு கூறுதான் 1984 ஆகஸ்டு 8ஆம் நாள், லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக் பந்தயத்தில், பி. டி. உஷாவின் கழுத்தில் விழ வேண்டிய வெண்கலப் பதக்கத்தைத் தட்டிப் பறித்தது. ருமேனிய நாட்டுக் கோஜோகாரு 55.41 வினாடி, உஷா 55.42 வினாடி.

இந்தக் கதையைப் பலமுறை கேட்டுவிட்டோம்; பலமுறை பெருமூச்சும் விட்டுவிட்டோம். பெருமூச்சு போதும், நண்பர்களே! நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நூறில் ஒரு பங்கு யாருடைய குறை?

நானூறு மீட்டர் தடையோட்டம் வேகத்தால் மட்டும் வெல்லும் பந்தயமன்று. முதல் தடை 45 மீட்டரில். பிறகு 35 மீட்டருக்கு ஒன்றாக, மொத்தம் பத்துத் தடைகள். கடைசித் தடைக்கு அப்பால் 40 மீட்டர். இரு தடைகளுக்கு இடையே இத்தனை எட்டு என்று கால்கள் கணக்கறிந்திருக்க வேண்டும். களைப்பிலே கணக்குப் பிசகினால், தடைக்கு முன் கால் தயங்கும், வினாடி கைநழுவும். அந்தக் கணக்கு பல களங்களில் ஓடி ஓடித்தான் படியும். உஷாவோ குறுந்தூர ஓட்டத்தில் வளர்ந்தவர். தடையோட்டத்துக்கு வந்து நெடுங்காலம் ஆகவில்லை. அவருக்கு இருந்த துணை, பயிற்சியாளர் ஓ. எம். நம்பியாரும் பையோலிக் கடற்கரை மணலும். நம்பியாருக்கு 1985இல் துரோணாச்சாரியார் விருது கிடைத்தது. ஆனால் ஒரு நாட்டின் கடமையை ஒரு மனிதர் தலையில் சுமத்திவிட்டு விருது கொடுத்தால் கடன் தீர்ந்துவிடுமா?

1986இல் சியோல் ஆசியப் போட்டியில் உஷா நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் பெற்றார். 2000இல் ஓய்வு பெற்றார். நம் நாட்டு வழக்கம் என்ன? ஒரு மாலை, ஒரு சால்வை, ஒரு படத்திறப்பு! அவ்வளவோடு கதை முடிந்துவிடும். உஷா அப்படி முடிக்க விடவில்லை. 2002இல் கொயிலாண்டியில் தடகளப் பள்ளி தொடங்கினார். பின்னர் அது கினாலூருக்கு வந்தது. தாம் பெறாத பயிற்சியைப் பிறர் வீட்டுப் பெண்கள் பெற வேண்டும் என்று விடியற்காலையில் திடலில் நின்றார். 2022இல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைவரானதைப் பலரும் பேசினர். அந்த நாற்காலியைவிட அவர் கையிலிருந்த கடிகாரமே எனக்குப் பெரிது.

“அந்தப் பள்ளி ஓர் ஒலிம்பிக் பதக்கமாவது தந்ததா?” என்று கேட்பாருண்டு. தரவில்லை, மெய்தான். ஆனால் டிண்டு லூக்கா அங்கே உருவானவர். 2010இல் 800 மீட்டரை 1 நிமிடம் 59.17 வினாடியில் ஓடித் தேசிய சாதனை படைத்தார். 2014இல் இஞ்சியோன் ஆசியப் போட்டியில் வெள்ளி பெற்றார். விதைத்தவன் வீட்டுத் திண்ணையில் ஒரே நாளில் நெல் குவியவில்லை என்று நகைப்பவன் உழவறியாதவன்.

நான் பெருமாட்டிக்காரன். பாலக்காட்டுச் சீமையின் கிழக்கே, பொள்ளாச்சிக்குப் போகும் வழியில், தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் பேசும் ஊர். எங்கள் பாலக்காட்டு மெர்சி கல்லூரியில் படித்த எம். டி. வல்சம்மாதான் 1982 டில்லி ஆசியப் போட்டியில் இதே தடையோட்டத்தை 58.47 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அத்தகைய மண்ணில் நான் படித்த பள்ளியில், விளையாட்டு நேரம் வந்தால் கணக்கு ஆசிரியர் உள்ளே வருவார். என்னோடு ஒருவன் படித்தான். வரப்பையும் வாய்க்காலையும் ஒரே மூச்சில் தாண்டுவான். அவன் தாண்டுவதைப் பார்த்துக் கால்கணக்குச் சொல்லித்தர ஒருவரும் இல்லை. இன்று அவன் ஒரு மில்லில் மூட்டை தூக்குகிறான்.

2023இல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கோவை மங்கை வித்யா ராம்ராஜ் 55.42 வினாடியில் ஓடி உஷாவின் சாதனையைச் சமன் செய்தார். இறுதிப் போட்டியில் வெண்கலமும் பெற்றார். கொங்கு நாடே மகிழ்ந்தது, நானும் மகிழ்ந்தேன். ஆனால் எண்ணிப் பாருங்கள். ஒரு சாதனை 39 ஆண்டுகள் அசையாமல் நின்றது உஷாவுக்குப் பெருமை. நமக்கு அது பெருமையா?

நம்மிடையே பல்கலைக்கழகத்துக்காக ஓடுவோர் உண்டு. விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு வேலை என்பது உங்கள் கனவு. தவறில்லை, வயிறு உண்டல்லவா? ஆயினும் வேலை கிடைத்த பின், ஞாயிறுதோறும் உங்கள் ஊர்த் திடலுக்குப் போய் நில்லுங்கள். பத்துப் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக்கொடுங்கள். ஓடாத நாமோ, உடற்பயிற்சி ஆசிரியரை ‘டிரில் மாஸ்டர்’ என்று கேலி பேசுவதை இன்றோடு விடுவோம். நம் மன்றத்தின் அடுத்த ஆண்டு விழாவில் வென்றவனுக்கு மாலை சூட்டும்போது, அவனுக்குக் கற்றுக்கொடுத்தவரையும் மேடைக்கு அழைப்போம்.

அன்று குறைந்த அந்த நூறில் ஒரு பங்கு உஷாவின் காலில் இல்லை. நம் ஊர்த் திடல்களில் இருக்கிறது. அதை அங்கேதான் தேட வேண்டும்.