தொட்டிச் சுவரில் எழுதுங்கள்

நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் சிதைக்கும் என்பது இந்தியாவில் 1937-லேயே பதிவான உண்மை. அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில்தான் ஃபுளோரோசிஸ் எனப்படும் அந்தப் பாதிப்பு முதலில் அறியப்பட்டது. ஏறத்தாழ 90 ஆண்டுகளுக்குப் பிறகும் கிருஷ்ணகிரி மாவட்டக் கிராமங்களில் பல் கறையை மறைக்க வாயைப் பொத்திச் சிரிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். இடுப்பு விறைத்துக் குனிய முடியாதவர்கள், வயதானால் வருவதுதானே என்று வலி மாத்திரை வாங்கி விழுங்குகிறார்கள். ஆய்வாளருக்குத் தெரிந்தது, அதிகாரிக்கும் தெரிந்தது, தண்ணீரைக் குடிப்பவரிடம் உரிய முறையில் போய்ச் சேரவில்லை.

அரசு எதுவுமே செய்யவில்லை என்பது நியாயமான பேச்சாகாது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர், ஃபுளோரோசிஸ் பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு, ரூ.1,928 கோடியில், கர்நாடகத்தில் எழுந்த எதிர்ப்பையும் தாண்டி நிறைவேறியது. 2008-ல் அடிக்கல் நாட்டி, 2013-ல் தொடங்கிவைக்கப்பட்ட அத்திட்டம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீரைக் கொண்டுவந்தது. அதைப் பாராட்டுகிறோம். ஆனால், காவிரி நீர் போதாத நாட்களில் பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீரும் அதே மேல்நிலைத் தொட்டியில் ஏற்றப்படுகிறது. குழாயடியில் குடம் வைப்பவர் காவிரி என்று நம்பியே பிடிக்கிறார்.

ஃபுளோரைடுக்கு நிறமும் வாசமும் கிடையாது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுக்கலாம் என்கிறது இந்திய தர நிர்ணயம். கிருமிக்கு அஞ்சித் தண்ணீரைக் காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது. நீர் வற்ற வற்ற அதன் அடர்த்தி கூடும். ‘காய்ச்சிக் குடியுங்கள்’ என்று பொதுவாகச் சொல்லி நிறுத்திக்கொள்ளும் அறிவுரை இங்கே தவறான நிம்மதியைத் தருகிறது. பல் எனாமல் உருவாகும் சிறு வயதில் படியும் கறை பிறகு தானாக மறையாது. விறைத்த எலும்பும் பழைய நிலைக்குத் திரும்பாது. தாமதமாகச் சொல்லப்படும் உண்மையால் பாதிக்கப்பட்ட குழந்தைக்குப் பயனில்லை.

தகவல் இல்லை என்றும் சொல்ல முடியாது. ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு நீர்ப் பரிசோதனைப் பெட்டியைக் கையாளும் பயிற்சி வகுக்கப்பட்டிருக்கிறது. முடிவுகள் அரசின் இணையதளத்தில் ஏறுகின்றன. தொட்டிக்குக் கீழே வரிசையில் நிற்பவர் அந்த இணையதளத்தைத் தேடிப் படிப்பார் என்று எதிர்பார்ப்பது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். தளி, கேலமங்கலம் வட்டாரங்களில் தெலுங்கும் கன்னடமும் வீட்டு மொழிகள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி வாடகை அறைகளில் தங்கியிருக்கும் ஒடிசா, பிகார் தொழிலாளர்களுக்குத் தமிழ் அறிவிப்பு புரியாது. ஆனால், அவர்களும் இந்த மண்ணின் நீரைத்தான் குடிக்கிறார்கள்.

வங்கதேசத்தில் ஆர்செனிக் நஞ்சு வெளிப்பட்டபோது ஏறக்குறைய 50 லட்சம் குழாய்க் கிணறுகளைச் சோதித்து, ஆபத்தானவற்றுக்குச் சிவப்பும் பாதுகாப்பானவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். எழுத்தறியாதவரும் புரிந்துகொண்டார், லட்சக்கணக்கானோர் வேறு கிணற்றுக்கு மாறினர். பிற்காலத்தில் சோதனையும் பூச்சும் தளர்ந்தது அங்கு நேர்ந்த தவறு. அதிலிருந்தும் நாம் கற்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஒவ்வொரு தொட்டிச் சுவரிலும் நீர் எங்கிருந்து வருகிறது, ஃபுளோரைடு எவ்வளவு, சோதித்த தேதி எது, குடிக்கலாமா, புழங்க மட்டுமா என்பதை வண்ணத்திலும் இங்கு வாழ்வோர் பேசும் மொழிகளிலும் எழுத வேண்டும். சோதிக்கும்போதெல்லாம் அதைத் திருத்தி எழுத வேண்டும். கிணற்று நீர் கலக்கும் நாளில் முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். 2021-ல் இதே மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இன்று வீடுதோறும் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. வாசலுக்கு வரும் அதே ஊழியர் பிள்ளைகளின் பல்லைப் பார்த்து, பெரியவர்களின் மூட்டு வலியைக் கேட்டுக் குறித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம்.

உண்மையைச் சொன்னால் பீதி கிளம்பும் என்பது நிர்வாகங்கள் வழக்கமாகச் சொல்லும் சமாதானம். அதை நாம் ஏற்கவில்லை. தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறிவது குடிப்பவரின் உரிமை. அவருக்குப் புரியும்படி சொல்வது மாவட்ட நிர்வாகம், குடிநீர் வடிகால் வாரியம், உள்ளாட்சிகள் ஆகிய மூன்றின் கடமை. மக்கள் வரிப்பணத்தில் நடந்த சோதனையின் முடிவை மக்களிடம் சேர்க்காத அலுவலகம், அடுத்த தலைமுறையின் உடலில் ஏற்படும் ஒவ்வொரு ஊனத்துக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.