பேட்டரி செத்தா வண்டி நிக்கட்டும்... நீங்க நடு ரோட்டுல நிக்காதீங்க!

1/
வழியில பைக் பேட்டரி டவுன் ஆனா என்ன செய்யணும்? "இதை மெக்கானிக் தானே சொல்லணும், டாக்டருக்கு இதுல என்ன வேலை?"ன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி தான்.

பேட்டரி டவுன் ஆகுறது யாரையும் கொல்லாது. டவுன் ஆன பிறகு நாம காட்டுற அவசரம் கொல்லும். அந்த அவசரம் வந்து நிக்கிற இடம் எங்க எமர்ஜென்சி வார்டு. அதனால தான் இந்த இழை. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

2/
முதல்ல ஒரு மாற்றத்தைப் புரிஞ்சுக்கணும்.

2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ் 6 விதி வந்தது. பெரும்பாலான பைக்குகள்ல கார்புரேட்டர் போய் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வந்துருச்சு. பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், அதை இயக்குற கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் கரண்ட் வேணும். பழைய கார்புரேட்டர் வண்டிகள்ல பலது, பேட்டரி செத்தாலும் கிக்கரை மிதிச்சா கிளம்பிரும். இப்ப பல மாடல்ல கிக்கரே கிடையாது.

அப்பா வண்டிக்குப் பலிச்ச வைத்தியம் பையன் வண்டிக்குப் பலிக்காது.

3/
இப்ப நம்ம டெல்டா ரோட்டை நினைச்சுப் பாருங்க.

தஞ்சாவூர்ல இருந்து திருவையாறு போறதுக்குள்ள வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரின்னு வரிசையா பாலங்கள். கிராமத்து ரோடுன்னா ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வயல். ஒதுங்க ஒரு முழம் இடம் இருக்காது. அறுப்பு சமயத்துல பாதி ரோட்டுல நெல் காயும், சுத்தி கல்லு வெச்சிருப்பாங்க. எதிர்ல வைக்கோல் ஏத்தின டிராக்டரோ, கண்ணைக் கூச வைக்கிற லைட்டோட அறுவடை மெஷினோ வரும்.

4/
இந்த இழையில ஒரே ஒரு விஷயம் தான் ஞாபகம் வெச்சுக்க முடியும்னா, இதை வெச்சுக்கோங்க:

பேட்டரி சுத்தமா செத்து இன்ஜினும் நின்னா, பின் லைட்டும் இண்டிகேட்டரும் சேர்ந்தே செத்துரும்.

புளியமரம் கவிஞ்ச இருட்டு ரோட்டுல, விளக்கில்லாத ஒரு வண்டி, பக்கத்துல குனிஞ்சு நிக்கிற நீங்க. பின்னாடி வர்ற லாரி டிரைவருக்கு ரெண்டுமே தெரியாது.

5/
அதனால முதல் வேலை செல்ஃப் பட்டனை அமுக்கிப் பாக்குறது இல்ல. வண்டியைத் தள்ளுறது.

பாலத்து மேல நின்னா பாலத்தைத் தாண்டுங்க. வளைவுல நின்னா வளைவை விட்டு வெளிய வாங்க. வீட்டு வாசல், டீக்கடை, கொள்முதல் நிலையம், கோயில் திடல்னு வெளிச்சம் இருக்குற இடமா பாருங்க. கூட வந்தவங்களை, குறிப்பா குழந்தைகளை, ரோட்டை விட்டு இறங்கி நிக்கச் சொல்லுங்க. ஒருத்தர் செல்போன் டார்ச்சை வர்ற வண்டிக்குத் தெரியுற மாதிரி ஆட்டணும்.

என்ன ரிப்பேர்னு பாக்குறது அதுக்கப்புறம்.

6/
தள்ளுறவங்களுக்கு ஒரு டாக்டரா ரெண்டு வார்த்தை.

பைக் நூறு கிலோவுக்கு மேல இருக்கும். புல்லட் மாதிரி வண்டி இருநூறை நெருங்கும். ஏற்கனவே இதய நோய் இருக்குறவங்க வெயில்ல தனியா தள்ளாதீங்க. நெஞ்சு அடைக்குது, இடது கை இழுக்குது, வேர்த்துக் கொட்டுதுன்னா அப்படியே உக்காந்து 108-க்குப் போன் போடுங்க.

சுகர் மாத்திரையோ இன்சுலினோ போட்டுட்டு சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிட்டிருந்தவங்களுக்கு, தள்ளும்போது சுகர் சட்டுனு இறங்கலாம். கை நடுக்கம், படபடப்பு வந்தா உடனே இனிப்பா ஏதாவது சாப்பிடணும். வண்டிப் பையில நாலு சாக்லேட் கிடக்கட்டும்.

7/
சரி, ஓரமா வந்தாச்சு. உண்மையிலேயே பேட்டரி தானா?

கில் சுவிட்ச் ஆஃப்ல இருக்கா? சைடு ஸ்டாண்ட் எடுத்தாச்சா? நியூட்ரல்ல இருக்கா? ஹாரன் அடிங்க. நல்லா சத்தமா வந்தா பெரும்பாலும் கோளாறு வேற இடத்துல. ஹாரன் முனகுது, செல்ஃப் அடிச்சா "டக் டக்"னு மட்டும் சத்தம் வருதுன்னா பேட்டரி வீக். எதுவுமே இல்லைன்னா ஃபியூஸ் போயிருக்கலாம், இல்ல டெர்மினல் லூசா இருக்கலாம்.

8/
டெர்மினல்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி மோதிரம், கைக்காப்பு, வாட்சை கழட்டுங்க. பேட்டரியோட ரெண்டு முனையையும் உலோகம் ஒரே நேரத்துல தொட்டா, அது நொடியில பழுக்கக் காய்ஞ்சு தோலைச் சுட்டுரும்.

கழட்டும்போது முதல்ல நெகட்டிவ். மாட்டும்போது கடைசியா நெகட்டிவ். பீடி, சிகரெட், தீக்குச்சி வெளிச்சம் வேண்டவே வேண்டாம். சார்ஜ் ஆகுற பேட்டரியில இருந்து ஹைட்ரஜன் வாயு வரலாம், அது தீப்பிடிக்கும். பக்கத்துல வைக்கோல் வேற கிடக்கும்.

9/
ஆசிட் கண்ணுல தெறிச்சா?

அது கந்தக அமிலம். உடனே சுத்தமான தண்ணி. குறைஞ்சது 15 முதல் 20 நிமிஷம், இமையைப் பிரிச்சு, நிறுத்தாம கழுவணும். பாட்டில் தண்ணி தீந்தா பக்கத்து வீட்டுக் குழாய், வயல்ல ஓடுற போர் தண்ணியைக் கையில ஏந்திக் கழுவுங்க. பால், எண்ணெய், எலுமிச்சை எதுவும் ஊத்தக் கூடாது. கழுவின பிறகு அன்னைக்கே கண் டாக்டர்.

வராம தடுக்க சுலபமான வழி இருக்கு. பேட்டரியில வேலை செய்யும்போது ஹெல்மெட் கண்ணாடியை இறக்கி விட்டுக்கோங்க.

10/
தள்ளி ஸ்டார்ட் பண்றது: சாவி ஆன், ரெண்டாவது கியர், கிளட்ச் பிடிச்சு ஓட்டம், வேகம் வந்ததும் கிளட்ச்சை விட்டு, இன்ஜின் பிடிச்சதும் திரும்பப் பிடிக்கணும்.

கொஞ்சமாவது உயிர் உள்ள பேட்டரின்னா வேலை செய்யலாம். பெட்ரோல் பம்ப் ஓடுற சத்தமே இல்லைன்னா இன்ஜெக்‌ஷன் வண்டி கிளம்புறது கஷ்டம். மூச்சை வீணாக்காதீங்க. கியர் இல்லாத ஸ்கூட்டர் தள்ளினா ஸ்டார்ட் ஆகாது. அதுக்குக் கிக்கர் இருந்தா மிதிங்க.

இன்னொரு வண்டிக்காரர் கால் வெச்சுத் தள்ளிட்டு வர்ற பழக்கம் இருக்கே, அது நெடுஞ்சாலையிலயும் ராத்திரியிலயும் வேண்டாம். ஒரு குழி போதும், ரெண்டு குடும்பம் ஆஸ்பத்திரியில.

11/
இன்னொரு பைக்ல இருந்து கரண்ட் எடுக்குறதுன்னா முறையான ஜம்பர் கேபிள் வேணும். வீட்டு ஒயர் சூடாகி உருகிரும்.

ரெண்டும் 12 வோல்ட்டா இருக்கணும். சிவப்பு: பிளஸ்ஸுக்கு பிளஸ். கருப்பு: நல்ல பேட்டரியோட மைனஸ்ல இருந்து, செத்த வண்டியோட இன்ஜின் உலோகத்துக்கு. கார்ல இருந்து எடுத்தா கார் இன்ஜின் ஆஃப்லயே இருக்கட்டும். மாத்திக் கொடுத்தா ரெண்டு வண்டிக்கும் செலவு.

12/
ஒண்ணும் வேலைக்கு ஆகலையா? வண்டியை விட்டுட்டுப் போங்க.

இதுதான் பலருக்கு முடியாத காரியம். "கடன் வாங்கி எடுத்த வண்டி சார், எப்படி விட்டுட்டு வர்றது?" புரியுது. ஆனா நம்ம ஊர்ல "அண்ணே, காலையில வந்து எடுத்துக்கறேன்"னு கேட்டா, வாசல்ல ஒரு வண்டி நிறுத்த இடம் கொடுக்காத வீடு குறைவு. பூட்டிட்டு, போட்டோ எடுத்துட்டு, பஸ்ஸுல போங்க.

தேசிய நெடுஞ்சாலைன்னா 1033. எந்த அவசரத்துக்கும் 112. பெண்களுக்கு 181. இந்த நம்பர்களை இப்பவே போன்ல ஏத்திருங்க.

13/
வராம தடுக்க:

வீட்டுல இருந்து வயலுக்கு ஒரு கிலோமீட்டர், அங்கிருந்து கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீட்டர். ஒவ்வொரு தடவையும் செல்ஃப் எடுக்குற கரண்டைத் திருப்பி ஏத்த அந்த ஓட்டம் பத்தாது. சிங்கப்பூர், வளைகுடான்னு போனவங்க வண்டி மாசக்கணக்கா திண்ணை ஓரம் நிக்கும். அதுவும் பேட்டரிக்கு எமன். நெகட்டிவ் ஒயரைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க.

ஆஃப்ல இருக்கும்போது ஏறத்தாழ 12.6 வோல்ட், இன்ஜின் ஓடும்போது ஏறத்தாழ 14. இதை மெக்கானிக் ஒரு நிமிஷத்துல பாத்துருவார். மூணு வருஷம் தாண்டினா அடிக்கடி பாருங்க. வண்டிக்குப் பின்னாடி சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கரும் ஒட்டுங்க. அதுக்குக் கரண்ட் வேணாம்.

14/
செத்த பேட்டரிக்குள்ள ஈயம் இருக்கு. குழந்தைகளோட மூளையைப் பாதிக்கும். ஈயத்துல பாதுகாப்பான அளவுன்னு ஒண்ணு தெரியலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. அதனால கொல்லையில போடாதீங்க, உடைக்காதீங்க, ஆசிட்டை வாய்க்கால்ல ஊத்தாதீங்க. புது பேட்டரி வாங்குற கடையிலயே திருப்பிக் கொடுங்க.

15/
கடைசியா என் கருத்து. கிக்கரை "பழைய காலத்து சமாச்சாரம்"னு எடுத்தது நகரத்துக்குச் சரியா இருக்கலாம். பெரிய இன்ஜின்ல கிக்கர் காலைத் திருப்பி அடிக்கும்ங்குறதும் உண்மை. ஆனா ராத்திரி எட்டு மணிக்கு மேல பஸ் இல்லாத கிராமத்துல இருக்குறவங்க புது வண்டி எடுக்கும்போது, மைலேஜ் கேக்குற மாதிரி "கிக்கர் இருக்கா?"ன்னும் கேளுங்க. கேட்டாத் தான் கொடுப்பாங்க.

16/
புது பேட்டரி ஆயிரம், ரெண்டாயிரம் ரூபாய்ல கிடைக்கும். வண்டியைக் காலையில எடுத்துக்கலாம். உங்களை அப்படி எடுத்துட்டு வர முடியாது.

முதல்ல ஓரம். அப்புறம் தான் ஸ்டார்ட்.

வீட்டுல பைக் ஓட்டுற பிள்ளைங்களுக்கு இதை அனுப்புங்க.