உறியில் தொங்குவது யார் பெருமை?

எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ஓர் உடைந்த சாடி கிடைத்தது. இந்தியாவில் செய்த சாடி. அதன் இரு பக்கங்களிலும் தமிழ்ப் பிராமியில் ஒரே சொற்கள்: 'பானை ஒறி'. ஒறி என்பது நம் உறிதான். கயிற்று வலையில் தொங்கவிடும் பானை என்று 2007-இல் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். காலம் கி.மு. முதல் நூற்றாண்டு.

உடனே மேடைகளில் 'கடலை வென்ற தமிழன்' முழங்கத் தொடங்கிவிடுகிறான். நான் இலக்கணம் நடத்துகிறவள். விகுதி என் கண்ணில் படாமல் போகாது. அதே துறைமுகத்து ஓடுகளில் கணன், சாதன். பெரெனிகே ஓட்டில் கொற்றபூமான். எல்லாம் ஆண்பால். 'பானை ஒறி' மட்டும் அஃறிணை. அதை வனைந்தவர், உறி பின்னியவர், அடுப்படியில் புழங்கியவர் யாருக்கும் அதில் பெயரில்லை. பெண்தான் செய்தாள் என்று அந்த ஓடு சொல்லவில்லை. ஆண்தான் என்றும் சொல்லவில்லையே! பிறகு 'தமிழன்' எங்கிருந்து வந்தான்?

ஸ்ரீபெரும்புதூரில் இரவுப் பணி பார்த்துக்கொண்டே தொலைநிலைக் கல்வியில் தமிழ் படிக்கும் ஒரு மாணவி, ஞாயிறு வகுப்பில் இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நாங்க செய்யற போன்லயும் நாட்டோட பேருதான் மேடம் இருக்கு. எங்க பேரு இல்ல."

அவள் வேலை பார்க்கும் வட்டாரமும் பழைய வணிக மண்தான். ஒரகடத்தை அடுத்த வடக்குப்பட்டில் 2022-இல் நடந்த அகழாய்வில் ரோமானிய ஆம்போராச் சாடியின் ஓடுகள் கிடைத்தன. அன்றும் இன்றும் சரக்கு கடல் கடக்கிறது. ஏற்றுமதிக் கணக்கு செய்தியாகிறது. செய்த கைகள் 'மனிதவளம்' ஆகின்றன, அதுவும் அஃறிணைதான்.

அந்தக் கைகள் ஒருமுறை எழுந்தன. 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு நஞ்சாகிச் சக தொழிலாளிகள் மருத்துவமனைக்குப் போனபோது, பெண்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். உலகச் சந்தைக்குப் போன் செய்து தருகிறவர்கள் கேட்டது ராஜ்ஜியமல்ல. தோழிகள் எப்படி இருக்கிறார்கள் என்ற உண்மை. நல்ல சோறு. மனிதர் தங்கத் தகுந்த இடம்.

உறி எதற்கு? பூனைக்கும் எறும்புக்கும் எட்டாமல் சோற்றையும் பாலையும் காப்பதற்கு. எகிப்தில் கிடைத்த உறிப்பானைக்காக நெஞ்சு நிமிர்த்துகிறவர்களே, அந்தச் சாலையில் எத்தனை பேர் வந்து நின்றீர்கள்? பண்பாட்டுப் பெருமை பேச என்னை அழைக்குமுன், ஒருநாள் அந்த விடுதிச் சமையலறைக்கு வாருங்கள். பானையைத் திறந்து பாருங்கள். பிறகு பேசுவோம்.