பழைய காருக்குப் புது ஸ்டியரிங்

ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்தில், நெல்லும் குண்டு மிளகாயும் கைகொடுத்த காலத்தில் ஓரளவு செழித்த குடும்பங்களின் வாசற்கொட்டகைகளில், ஒரு தலைமுறையின் கௌரவத்துக்கே அடையாளமாக நின்ற அம்பாசிடரையோ ஃபியட்டையோ இன்றும் அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காணலாம். பாட்டனார் வாங்கிய வண்டியைத் துடைத்து, வர்ணம் பூசி, கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் ஓட்டிச் செல்லவேண்டுமென்று பேரப்பிள்ளைகள் விரும்புவது மனத்துக்கு மிகவும் சந்தோஷம் தருகிற விஷயம். ஆயினும், அந்த உற்சாகத்தில் அவர்கள் முதலில் கழற்றி எறிவது பழைய ஸ்டியரிங் சக்கரத்தை என்பதும், அதன் ஸ்தானத்தில் கடையில் பளபளக்கும் சிறிய பந்தயக்கார் சக்கரமொன்றைப் பொருத்திவிடுகிறார்கள் என்பதும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாத காரியங்கள்.

பழைய சக்கரம் வெடிப்பது இந்தக் கரையோரத்தில் சகஜம். உள்ளே எஃகு வளையம். மேலே கெட்டிப் பிளாஸ்டிக் அல்லது ரப்பர்ப் போர்வை. வருஷக்கணக்கில் வெயிலில் காய்ந்த போர்வை இறுகிச் சுருங்க, எஃகு அதனோடு சுருங்காமையால், ஆரக்கம்பிகள் வளையத்தைச் சேரும் இடங்களில் முதலில் கீறல் விழுகிறது. உப்பூர்ப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றின் ஈரம் அக்கீறலின் வழியே புகுந்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு உப்பி வெடிப்பை மேலும் அகலமாக்குகிறது. துரு ஆழமாக இறங்குமுன் கவனித்தால், கீறலை அரத்தால் அகலப்படுத்தித் துருவைச் சுரண்டி, எபாக்சிக் களிம்பை நிரப்பி, காய்ந்தபின் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து வர்ணம் பூசினால், அதே சக்கரம் இன்னும் பல்லாண்டு உழைக்கும்.

எஃகே அரித்துப்போயிருந்தாலோ, நடுக்குடத்தின் பல் தேய்ந்திருந்தாலோ, பழமையின் மீதுள்ள அபிமானத்தால் அதையே வைத்துக்கொள்வது உயிருக்கு அபாயம், மாற்றத்தான் வேண்டும். எதைக்கொண்டு மாற்றுவது என்பதே கேள்வி. நாற்பத்தெட்டு மடை கொண்ட நம் பெரிய கண்மாயில் ஒரு மடைப்பலகை உளுத்துப்போனால், வாய்க்கு அளவான பலகையைத்தான் தேடுவோமேயன்றி, அழகான பலகையைத் தேடமாட்டோம். 1957 முதல் 2014 வரை வங்காளத்தின் உத்தர்பாராவில் உற்பத்தியான அம்பாசிடருக்குச் சென்னைப் புதுப்பேட்டையில் தேடினால் பழைய சக்கரம் கிடைக்க வாய்ப்புண்டு. 1961இல் நம் மாநிலத்திலேயே உற்பத்தி தொடங்கிய ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அலைச்சல் அதிகம், ஆனால் அலையத் தகுந்த வண்டி அது. இருபத்தைந்தடி விட்டத்துக்குள் வளைந்து திரும்பும் அந்தக் காரின் லாகவம் அதற்கே உரிய ஸ்டியரிங்கோடு சேர்ந்தது.

பாட்டனார் காலத்து இவ்வண்டிகளில் பவர் ஸ்டியரிங் கிடையாது. பதினாறு அங்குலச் சக்கரத்தை நீக்கிப் பதின்மூன்று அங்குலச் சக்கரம் வைத்தால், அதே திருப்பத்துக்குக் கை செலுத்தவேண்டிய விசை ஏறக்குறையக் கால்பங்கு கூடிவிடும். சந்தைக் கூட்டத்தில் வண்டியை ஒடிக்கும்போது அதன் சிரமம் தோளுக்குத் தெரியும். சிறிய சக்கரம் வண்டியின் ஸ்டியரிங் தண்டில் நேராக உட்காராது. இடையில் ஓர் அடாப்டர் வேண்டும். அதன் பல் தண்டின் பல்லோடு அணுவளவும் பிசகாமல் சேரவில்லையானால், ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மட்டும் சுழல, வண்டி தன் வழியே போய்விடும்.

சரியான சக்கரம் கிடைத்த பிறகும், பொருத்துகிற முறையில் சிரத்தை வேண்டும். முன்டயர்களை நேராக நிறுத்தி, பேட்டரி இணைப்பைக் கழற்றி, ஹார்ன் பொத்தானை நீக்கி, குடத்திலும் தண்டிலும் அடையாளப் புள்ளி குத்திக்கொண்டு, நட்டை முழுதும் கழற்றாமல் சில புரி விட்டுவைத்து, புல்லர் போட்டு இழுப்பதே முறை. சுத்தியலால் அடித்துக் கழற்றுகிறவர் தண்டின் புரியையும் அடியிலுள்ள புஷ்ஷையும் சேர்த்தே கெடுக்கிறார்.

ஐம்பது ஆண்டு கடந்த வாகனங்களைத் தனிவகையாகப் பதிவு செய்ய மத்திய அரசு 2021இல் வகுத்த விதிகள், வண்டி அசல் உருவில் பேணப்பட்டிருக்கவேண்டும் என்கின்றன. புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அசலைக் கோருகிற அரசாங்கம், அதைக் காக்கத் தெரிந்த கைகளைக் குறித்தும் யோசிக்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். ஏர்பேக் வைத்த வண்டிகளில் மட்டும் பழகும் இளைஞருக்கு, தண்டின் பல்லை விரலால் தடவியே தேய்மானம் சொல்லும் முதிய மெக்கானிக்குகளின் வித்தை எங்கே கிடைக்கும்? அவர்களுக்குக் கண்பார்வை இருக்கும்போதே, நம் மாவட்டத்து அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் கௌரவ ஊதியம் கொடுத்து அவர்களை அழைத்து, ஆண்டுக்கொரு முறையேனும் மாணவர்களுக்குப் பாடம் சொல்லச் செய்யவேண்டும். பாடத்துக்கு வேண்டிய பழைய வண்டியை மனமுவந்து இரவல் தர இவ்வூரில் ஆட்கள் இருக்கிறார்கள்.