பழைய திருவிழாப் படங்களை மூட்டை கட்டுறதுக்கு முன்னாடி…

பதிவு கொஞ்சம் நீளம். பசியாறிட்டுப் பொறுமையா படிங்க.

நம்ம ஆலய அலுவலகக் கணினியில இடம் நிறைஞ்சு போச்சு. அர்ச்சனை ரசீது அடிக்கவே திணறுது. காரணம், 2005-லிருந்து அதுல சேர்ந்து கிடக்கிற திருவிழாப் படங்கள். போன நிர்வாகக் கூட்டத்துல ஒரு யோசனை வந்தது. பழைய படங்களை எல்லாம் ஒரே ஜிப் கோப்பா கட்டி, ஒரு ஹார்டிஸ்க்ல போட்டுட்டு, கணினியில இருக்கிறதை அழிச்சிடலாம்னு. சொன்னவங்க நல்ல எண்ணத்துலதான் சொன்னாங்க. ஆனா படப்பிரிவுத் தொண்டூழியர்களான எங்களுக்கு இதுல உடன்பாடு இல்லை. அன்னைக்கு நேரம் இல்லாததால விளக்கமா பேச முடியல. அதனால இங்க எழுதுறோம்.

முதல் விஷயம். ஜிப் பண்ணினா இடம் மிச்சமாகும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. கணக்கு, கடிதம் மாதிரி கோப்புகள் நல்லாச் சுருங்கும், உண்மைதான். ஆனா கேமராவும் கைப்பேசியும் படத்தைப் பெரும்பாலும் ஜேபெக் கோப்பாத்தான் எடுக்குது. அது ஏற்கெனவே சுருக்கப்பட்டது. ஒரு தடவை நல்லாப் பிழிஞ்ச தேங்காய்ப்பூவை மறுபடியும் பிழிஞ்சா எவ்வளவு பால் வரும்? அவ்வளவுதான் மிச்சம். ஒரு வருஷத்துத் தீமிதிப் படங்களை வெச்சு நாங்களே சோதிச்சுப் பார்த்தோம். ஜிப் ஆன பிறகும் கிட்டத்தட்ட அதே அளவுதான் இருந்தது.

அப்போ ஜிப் எதுக்கு? கட்டுறதுக்கு. 1989-ல் அமெரிக்காவில் ஃபில் காட்ஸ் என்பவர் இந்த முறையைக் கொண்டு வந்தார். ஆயிரம் படத்தை ஒரே கோப்பா கட்டி எடுத்துட்டுப் போகலாம். பிரிச்சா ஒரு புள்ளி கூட மாறாம அப்படியே வரும். வாட்ஸ்அப்ல சாதாரணமா படம் அனுப்பினா தரம் குறைஞ்சிடும், படம் எடுத்த தேதியும் போயிடும். ஜிப்பா கட்டி டாக்குமெண்டா அனுப்பினா ரெண்டும் தப்பிக்கும். அதனால ஜிப் மேல எங்களுக்குக் கோபம் இல்லை. எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டி, மூலத்தை அழிக்கிறதுதான் வேண்டாம்னு சொல்றோம்.

இதை அனுபவத்துல சொல்றோம். சில வருஷத்துக்கு முன்னாடி இதே காரியத்தை நாங்களே செஞ்சோம். 2008-லிருந்து 2012 வரைக்கும் அஞ்சு வருஷப் படங்கள், ஒரே ஜிப். ஹார்டிஸ்க்குக்கு மாத்தி முடிஞ்சதுன்னு நினைச்சு வயரைக் கழட்டிட்டோம். முடியலை. திறந்து பார்க்காமலே கணினியில இருந்ததையும் அழிச்சிட்டோம். ஜிப் கோப்புக்குள்ள எது எங்க இருக்குங்கிற பட்டியல் கோப்போட கடைசியிலதான் இருக்கும். வால் அறுந்தா மூட்டை திறக்காது.

அடுத்த வருஷம் ஒரு அம்மா வந்தாங்க. கணவர் இறந்துட்டார். பதினாறாம் நாள் காரியத்துக்கு, அவர் 2010 திருவிழாவுல காவடி எடுத்த படம் வேணும்னு கேட்டாங்க. பழுது பார்க்கிற மென்பொருளைப் போட்டு ரெண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தோம். முன்பாதிப் படங்கள் கொஞ்சம் கிடைச்சது. அதுல அவர் இல்லை. "பரவாயில்ல தம்பி, விடுங்க"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. திட்டியிருந்தா கூட நாங்க மறந்திருப்போம்.

"படம்தானே, என்ன பெரிய விஷயம்"னு சிலர் கேட்கலாம். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை கும்பாபிஷேகம் செய்றோம். திருப்பணி ஆரம்பிச்சா, போன தடவை விமானத்துல எந்தச் சிலை எங்க இருந்தது, என்ன வர்ணம், யாகசாலையை எந்தப் பக்கம் போட்டோம்னு முதல் கேள்வி வரும். பதில் அந்தப் படத்துலதான் இருக்கு.

"அதான் முகநூல்ல எல்லாம் இருக்கே"ன்னும் சொல்றாங்க. முகநூல் படத்தைச் சின்னதாக்கித்தான் வெச்சிருக்கும். பேனர் அடிக்கப் பெரிசாக்கினா முகமே தெரியாது.

எங்க யோசனை இதுதான்.

1. முதல்ல கழிக்கணும். ஒரே ஆரத்தியை நாற்பது படம் எடுத்திருக்கோம். மங்கலானது, இரட்டிப்பானது போனாலே கணினிக்கு மூச்சு வந்துடும். உண்மையா இடம் மிச்சமாகிறது இதுலதான். ஆனா ரெண்டு பேர் பார்த்து ஒத்துக்கிட்ட பிறகுதான் அழிக்கணும்.

2. ஒரு வருஷம், ஒரு விழா, ஒரு ஜிப். ஒண்ணு கெட்டாலும் மத்தது தப்பிக்கும். 4 ஜிபிக்குள்ள வெச்சிக்கணும், நிறைய பென்டிரைவ் அதுக்கு மேல உள்ள ஒரே கோப்பை ஏத்துக்காது. கோப்புப் பெயர் ஆங்கில எழுத்துல இருக்கட்டும். பழைய மென்பொருள்ல தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமா மாறிடுது. கடவுச்சொல் வேண்டாம். போட்டவர் மறந்துட்டா திறக்கிறது ரொம்பக் கஷ்டம்.

3. ஒவ்வொரு ஜிப்புக்குள்ளயும் ஒரு பட்டியல் தமிழ்லயே இருக்கணும். எந்தப் படத்துல யார், எந்த உபயம், யார் வீட்டுப் பால்குடம். எங்க தொழிற்சாலையில பேக்கிங் லிஸ்ட் இல்லாத ஒரு பெட்டியைக் கூட லாரியில ஏத்த மாட்டோம். சாமி காரியத்துக்கு அதைவிடக் குறைவா செய்யலாமா?

4. கட்டினதும் சோதனை. செவன்ஜிப் மென்பொருள்ல டெஸ்ட்னு ஒரு பட்டன் இருக்கு, இலவசம்தான். அதுக்கப்புறம் வேற கணினியில ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கணும்.

5. மூணு பிரதி. ரெண்டு தனித்தனி ஹார்டிஸ்க், ஒண்ணு கூகல் டிரைவ். ஒரு ஹார்டிஸ்க் ஆலயத்துக்கு வெளிய, நிர்வாகத்துல ஒருத்தர் வீட்டுல இருக்கணும். வெள்ளமோ தீயோ வந்தா ஒரே அலமாரியில இருக்கிறது எல்லாம் ஒண்ணாத்தான் போகும். கூகல்ல இலவச இடம் 15 ஜிபிதான், நமக்குப் பத்தாது. மாசக் கட்டணம் கட்டணும். ஹார்டிஸ்க்கும் மாசக் கட்டணமும் யாராவது உபயமா ஏத்துக்கிட்டா ரொம்ப நல்லது.

இதெல்லாம் முடிஞ்ச பிறகு கணினியில இருக்கிறதை தாராளமா அழிக்கட்டும். வருஷா வருஷம் கொடியேற்றத்துக்கு முன்னாடி எல்லா ஜிப்பையும் ஒரு தடவை திறந்து பார்த்துடுவோம்.

இதுல மூணாவது வேலை எங்களால மட்டும் முடியாது. மத்ததெல்லாம் கணினி வேலை, நாங்க பார்த்துக்குவோம். ஆனா 2005-ல் கரகம் தூக்கினது யாருன்னு கணினிக்குத் தெரியாது, எங்க பிள்ளைகளுக்கும் தெரியாது. தெரிஞ்ச பெரியவங்க வருஷத்துக்கு வருஷம் குறைஞ்சுக்கிட்டே வர்றாங்க.

அதனால ஒரு வேண்டுகோள். வர்ற வெள்ளிக்கிழமைகள்ல மாலை பூஜை முடிஞ்சதும் அலுவலகத்துல பழைய படங்களைத் திரையில போட்டு வைக்கிறோம். வீட்டுல இருக்கிற தாத்தா, பாட்டி, பெரியப்பா, அத்தை எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. அவங்க பெயர் சொல்லட்டும், நாங்க எழுதிக்கிறோம். நடக்க முடியாதவங்க வீட்டுக்கு நாங்களே மடிக்கணினியோட வர்றோம். 2010 திருவிழாவுல யாராவது படம் எடுத்திருந்தா, அதையும் கொண்டு வாங்க. அந்த அம்மாவுக்கு நாங்க இன்னும் கடன்பட்டிருக்கோம்.

ஓம் சக்தி.
ஆலயப் படப்பிரிவுத் தொண்டூழியர்கள்