எண்பத்தேழு ஓட்டும் ஒரு பானையும்

ஒவ்வொரு தேர்தல் முடிஞ்சதும் டீக்கடையில் ஒரு கேள்வி வரும். 'உங்காளுங்க எத்தனை சீட்டு?' கேட்கிறவர் ஊர்க்காரர். அவர் கட்சி ஜெயிச்சா அது தமிழ்நாட்டின் வெற்றி. விடுதலைச் சிறுத்தைகள் ஜெயிச்சா மட்டும் 'உங்காளுங்க'. இந்த ஒரு வார்த்தையில் இருக்கிறது நம்முடைய தேர்தல் வரலாறு.

மதுரையில் வழக்கறிஞர் மலைச்சாமி கட்டிய இயக்கம், அவர் 1989இல் மறைந்தபின் திருமாவளவன் பொறுப்பில் வளர்ந்தது. 1999 வரை தேர்தல் புறக்கணிப்பு. சேரியில் கொடிக்கம்பம் நடுவதே போராட்டமாக இருந்த காலம் அது. 1997இல் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேரை வெட்டிக் கொன்றார்கள். ஜெயிச்சவனுக்கே இந்தக் கதின்னா ஓட்டு எதுக்கு என்று கேட்டது நியாயம்தான். ஆனால் மேலவளவுக்கு இன்னொரு பாடமும் உண்டு. நாம் ஓட்டுப் போடாமல் இருந்தால் ஆதிக்க சாதிக்காரனுக்குக் கவலையில்லை. நாற்காலியில் உட்காரும்போதுதான் அருவாளை எடுக்கிறான். அப்ப அந்த நாற்காலியில் ஏதோ இருக்கு. தேர்தல் பாதைக்குப் போனது துரோகம் என்று இன்னமும் சொல்கிற தோழர்களோடு நான் முரண்படுகிற இடம் இதுதான்.

போன பாதை என்ன லேசா? 1999இல் மூப்பனாரின் த.மா.கா. அணியில் சிதம்பரத்தில் சைக்கிள் சின்னம். இரண்டு லட்சத்துக்கும் மேல் ஓட்டு, தோல்வி. 2001இல் மங்களூரில் உதயசூரியனில் வெற்றி. இன்னொரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சிக்காரர். 2004இல் அந்தப் பதவியை உதறினார். 2006இல் அ.தி.மு.க. அணியில் 9 இடம், ஜெயித்தது 2. 2009இல் நட்சத்திரம், சிதம்பரம் கைக்கு வந்தது. 2011இல் தி.மு.க. அணியில் 10 இடம், ஒன்றுமில்லை. 2016இல் மக்கள் நலக் கூட்டணியில் 25 இடம், ஒன்றுமில்லை. அந்த முறை காட்டுமன்னார்கோயிலில் திருமாவளவன் தோற்றது 87 ஓட்டில். தினமும் நோட்டு எண்ணுகிறவன் நான். ஒரு கட்டுக்கு நூறு தாள். ஒரு கட்டுகூட இல்லை அது.

இந்தத் தோல்விகளை ஒரு தலைவரின் தப்புக் கணக்காகப் பார்ப்பது சுலபம். வேர் 1932இல் இருக்கிறது. புனா ஒப்பந்தம் தனி வாக்காளர் தொகுதியைப் பறித்துக்கொண்டு தனித் தொகுதியைக் கையில் கொடுத்தது. நிற்கிறவர் தலித், தேர்ந்தெடுக்கிறவர் ஊரும் சேரியும். ஊருக்குப் பிடிக்காத தலித் ஜெயிப்பது கஷ்டம். அம்பேத்கரே 1952இல் பம்பாயில் தோற்றார், 1954இல் பண்டாராவில் தோற்றார். அவரைத் தோற்கடித்த கணக்குதான் சிதம்பரத்திலும் ஓடியது.

கூட்டணி அதனால்தான் தேவைப்படுகிறது. ஆனால் அதிலும் ஒரு ஓரவஞ்சனை உண்டு. சேரி ஓட்டு சூரியனுக்கோ இலைக்கோ சிந்தாமல் போய்ச் சேரும். ஊர் ஓட்டு நம்ம சின்னத்துக்கு வரும்போது வழியில் சிந்தும். 2019இல் ஒரே அணி. விழுப்புரத்தில் உதயசூரியனில் நின்ற ரவிக்குமார் ஒரு லட்சத்துக்கும் மேல் ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். சிதம்பரத்தில் பானையில் நின்ற தலைவருக்கு 3,219தான் வித்தியாசம். தொகுதி வேற, எதிரே நின்றவரும் வேற. எல்லாத்தையும் சின்னத்தின் தலையில் கட்ட முடியாது. ஆனா அந்த ஏப்ரல் 18, வாக்குப்பதிவு நாளில், பொன்பரப்பியில் தலித் வீடுகளை அடிச்சு நொறுக்கினார்களே, அதை என்ன கணக்கில் எழுதுவது?

2024இல் விழுப்புரமும் சிதம்பரமும் இரண்டுமே பானையில் வந்தன. 2025 சனவரியில் மாநிலக் கட்சி அங்கீகாரமும் பானைச் சின்னமும் கிடைத்தன. தேர்தலுக்குத் தேர்தல் வயசான கிழவிக்கு 'ஆத்தா, இந்தவாட்டி சின்னம் வேற' என்று சொல்லிக்கொடுத்து அலுத்த தொண்டனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

சந்தோசம். ஆனால் சந்தோசத்தில் கேட்க மறந்துவிடக் கூடாத கேள்விகள் உண்டு.

தமிழக சட்டமன்றத்தின் 234 இடங்களில் 44 தலித்துகளுக்கான தனித் தொகுதி. அது எந்தக் கூட்டணித் தலைவரும் போட்ட பிச்சையில்லை, அரசியல் சட்டம் கொடுத்தது. பெரிய கட்சி நமக்குத் தனித் தொகுதியை ஒதுக்கினால், தன்னுடைய தலித் வேட்பாளருக்குப் பதிலாக நம்முடைய தலித் வேட்பாளரை நிறுத்துகிறது, அவ்வளவுதான். அவையில் தலித் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறாது. அந்தக் கட்சிக்கு இதில் என்ன நட்டம்? 2021இல் 6 இடத்தில் 4 ஜெயித்தோம். அதில் திருப்போரூரும் நாகப்பட்டினமும் பொதுத் தொகுதிகள். அந்த இரண்டும்தான் என் கண்ணுக்குப் பெரிய வெற்றி. இனி பேரம் என்றால் பொதுத் தொகுதிக்காகப் பேரம் பேசு. அங்கே தலித்தை நிறுத்து, தலித் பெண்ணை நிறுத்து. கூட்டணிக்காரன் ஓட்டு நிசமா வருதான்னு அங்கேதான் தெரியும்.

இன்னொன்று, வாய். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிதண்ணித் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 சனவரியில் போலீஸ் அந்தச் சேரியைச் சேர்ந்த மூன்று பேர் மேலேயே குற்றப்பத்திரிகை போட்டது. கட்சி அதை ஏற்கவில்லை, சி.பி.ஐ. விசாரணை கேட்டது. சரிதான். ஆனால் ஆளுங்கட்சியின் தோழனாக இருந்துகொண்டு கேட்கிற கோரிக்கைக்கும், 'அடங்க மறு, அத்துமீறு' என்று சேரிச் சுவரில் எழுதிய கைக்கும் நடுவில் தூரம் விழுந்திருக்கிறது. அந்தச் சுவரைப் பார்த்துத்தான் நாங்கள் வந்தோம். கூட்டணி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூட்டணிக்கு ஒரு விலை இருக்கட்டும், அந்த விலையைச் சேரி தீர்மானிக்கட்டும் என்கிறேன். கேட்ட பஞ்சமி நிலம் கிடைத்ததா, சாதி ஆணவக் கொலைக்குத் தனிச்சட்டம் வந்ததா என்று கணக்குப் பார்க்கட்டும்.

டீக்கடைக்காரருக்கு இப்போது நான் சொல்கிற பதில் இது. எத்தனை சீட்டு என்பது இருக்கட்டும் அண்ணே. எங்க பானைக்கு உங்க தெருவுல எத்தனை ஓட்டு விழுந்துச்சு? அதை முதல்ல சொல்லுங்க.