நான்கு இலக்க உரிமை

டிசம்பர் 24 தேசிய நுகர்வோர் தினம். 1986ல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது அன்றுதான். அதனால் இந்தத் தேதி. 2022ல் இதே நாளில்தான் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென்று ஓர் இணையதளமும் தொடங்கியது. வேளாண் கருவிகள், கைபேசி முதலான மின்னணுப் பொருட்கள், வீட்டுச் சாமான்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகள் அதற்குள் அடங்கும். உரையும் வாழ்த்தும் ஆண்டுதோறும் குறைவில்லாமல் வரும், வரட்டும். எனக்கு எரிச்சல் மூட்டுவது புது பைக்கோடு கொடுக்கிற கையேடு. பெட்ரோல் மூடியைத் திறக்கப் படம் போட்டு விளக்குகிற அந்தப் புத்தகம், சக்கர பேரிங் என்று வந்துவிட்டால் சர்வீஸ் சென்டருக்குப் போகச் சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குத் தாவிவிடுகிறது. ஒட்டிவைத்த பேட்டரிகளையும் முக்கோணத் தலைத் திருகுகளையும் பற்றி முன்பே போதும் போதுமென்று புலம்பியாயிற்று. இந்த முறை திறக்க முடியாத சாமான் பற்றிய புலம்பல் இல்லை. தாராளமாகத் திறக்கக்கூடிய ஒன்றைத் திறக்காதே என்று சொல்லிவைத்திருப்பதைப் பற்றித்தான் பேச்சு.

வடகிழக்குப் பருவமழை ஓய்கிற நாட்கள்தான் பேரிங்கைச் சோதிக்கச் சரியான பருவம். முழங்கால் தண்ணீரில் ஓடிய வண்டியில் ஆயில் சீல் தேய்ந்திருந்தால் நீர் ஹப்புக்குள் புகுந்து கிரீஸைக் கெடுக்கும், அதன் பிறகு துரு தன் வேலையைப் பார்க்கும். வாட்டர் சர்வீஸ் குழாயை ஆக்சிலுக்கு நேரே பிடித்தாலும் இதே கதிதான். சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாக இரு கையாலும் பிடித்து, ஒன்றைத் தள்ளி மற்றதை இழுக்க வேண்டும். ‘டக்’கென்று ஓர் ஆட்டம் தெரிந்தால் சந்தேகப்படலாம். உடனே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. முன்பக்கத்தில் ஃபோர்க்கும் சேர்ந்து ஆடினால் குற்றவாளி ஹேண்டில் தண்டின் கோன்செட். பின்பக்கத்தில் ஸ்விங் ஆர்மும் சேர்ந்து ஆடினால் அதன் புஷ். ஓட்டும்போது வேகத்தோடு ஏறும் உறுமல் கேட்டால் கிளட்சைப் பிடித்துப் பார்க்கலாம். எஞ்சின் சத்தம் இறங்கிய பிறகும் உறுமல் தொடர்ந்தால் அது சக்கரம், செயின், டயர் இவற்றில் ஒன்றிலிருந்து வருகிறது. கடைசித் தீர்ப்பு விரலுக்கு உரியது. சக்கரத்தைக் கழற்றி, பேரிங்கின் உள்வளையத்தில் விரலை விட்டுச் சுற்றினால் நல்ல பேரிங் வழுக்கிக்கொண்டு சுற்றும், கெட்டது மணல் கடித்ததுபோல் நெருடும்.

மாற்றுகிற வேலையில் பெரும்பாலான தவறுகள் சுத்தியலால் வருபவை. பழையதைக் கழற்ற எதிர்ப்பக்கத்திலிருந்து கம்பியை விட்டு, நடுவிலிருக்கும் டிஸ்டன்ஸ் பீஸ் என்ற குழாயைச் சற்றே ஒதுக்கி, உள்வளையத்தின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டுகிறோம். அந்த அடி முழுவதும் குண்டுகள் வழியாகத்தான் வெளிவளையத்துக்குப் போகிறது. குண்டோடும் பள்ளத்தில் கண்ணுக்குத் தெரியாத குழிகள் விழும். அதனால் இப்படிக் கழற்றியதைத் திரும்பப் போடக் கூடாது. புதியதை ஏற்றும்போது கணக்கு தலைகீழ்: ஹப்பில் இறுகப் போவது வெளிவளையம், ஆகவே அடி வெளிவளையத்தில் மட்டுமே விழ வேண்டும். அதே விட்டமுள்ள சாக்கெட்டையோ, பழைய பேரிங்கையோ மேலே வைத்துத் தட்டலாம். ஹப்பைக் கொஞ்சம் சூடாக்கி, பேரிங்கை ஃபிரீசரில் வைத்து எடுத்தால் பாதி உழைப்பு மிச்சம். ஒரு பக்கத்தை முழுதும் உட்காரவைத்துவிட்டு, டிஸ்டன்ஸ் பீஸை உள்ளே போட்டு, மறுபக்கத்து உள்வளையம் அதைத் தொடும் வரைக்கும்தான் இறக்க வேண்டும். அந்தக் குழாயை மறந்தாலோ, அதற்கு மேலும் அடித்து இறக்கினாலோ குண்டுகள் பக்கவாட்டில் நெரிபடும், புது பேரிங் சீக்கிரமே போய்விடும். ஆக்சில் நட்டைக் கையேடு சொல்லும் அளவுக்கு முறுக்கிய பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்ப்பதும், டிஸ்க் பிரேக் என்றால் வண்டியை நகர்த்துமுன் லீவரைச் சில முறை அழுத்திவைப்பதும் விட்டுவிடக் கூடாதவை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் நாளைக் காலை சுத்தியலோடு உட்கார வேண்டும் என்பதில்லை. இந்த வேலையை எந்த ஊரிலும் செய்துவிட முடிகிறதே, அது எப்படி என்பதுதான் என்னைப் பிடித்திழுக்கிறது. விடை பேரிங்கின் வளையத்திலேயே இருக்கிறது. 6202 என்று பொறித்திருந்தால் முதல் 6, அது ஒற்றை வரிசை ஆழ்பள்ளக் குண்டு பேரிங் என்கிறது. அடுத்த 2 பருமனின் வரிசை. கடைசி 02 உள்துளை 15 மில்லிமீட்டர் என்பதன் குறி. 00, 01, 02, 03 என்றால் 10, 12, 15, 17. 04லிருந்து ஐந்தால் பெருக்கினால் போதும். வெளிவிட்டம் 35, அகலம் 11 என்பதும் அந்த எண்ணுக்குள்ளேயே அடக்கம். 6302 என்றால் துளை அதே 15தான், வெளிவிட்டம் 42, அகலம் 13. பின்னால் 2ஆர்எஸ் என்றிருந்தால் இரு பக்கமும் ரப்பர் சீல், இசட்இசட் என்றால் தகட்டு மூடி, சி3 என்றால் உள்ளே வழக்கத்தைவிடச் சற்றே தாராளமான இடைவெளி. பேரிங் கேட்லாக்கை நல்ல புத்தகங்களின் வரிசையில் சேர்ப்பவன் நான். கதையும் வர்ணனையும் கிடையாது, பக்கம் பக்கமாக எண்கள். ஆனால் சொன்னதை மீறுகிற வரி ஒன்றுகூட அதில் இருக்காது. அந்த நேர்மை எத்தனை நாவல்களுக்கு வாய்த்திருக்கிறது?

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1869ல் ஜூல் சுரிரே என்ற பாரிஸ் மெக்கானிக் சைக்கிளுக்கான குண்டு பேரிங்குக்குக் காப்புரிமை வாங்கினார். அந்த நவம்பரில் நடந்த பாரிஸ்–ரூவன் பந்தயத்தில் ஜேம்ஸ் மூர் வென்ற சைக்கிளில் அது இருந்தது. ஆனால் குண்டுகள் ஒன்றுபோல் இல்லாவிட்டால் பெரிய குண்டே சுமை முழுவதையும் தாங்கி முதலில் உடையும். 1883ல் ஜெர்மனியின் ஷ்வைன்ஃபுர்ட்டில் ஃப்ரீட்ரிஷ் ஃபிஷர் எஃகுக் குண்டுகளை ஒரே அளவில் உருண்டையாகச் சாணை பிடிக்கும் எந்திரத்தைச் செய்த பிறகே பேரிங் தொழிற்சாலைப் பொருளானது. அந்த ஊர் பேரிங்குக்கே பேர்போனதாகி, 1943ல் நேச நாட்டு விமானங்கள் குறிவைத்துக் குண்டு போடும் அளவுக்கு முக்கியமாயிற்று. ஸ்வீடனில் துணி ஆலைப் பொறியாளரான ஸ்வென் விங்க்விஸ்ட், அச்சுத்தண்டு வளைந்தாலும் தானே சரிப்படுத்திக்கொள்ளும் பேரிங்கை வடிவமைக்க, 1907ல் எஸ்கேஎஃப் நிறுவனம் பிறந்தது. இன்று அந்த எஸ்கேஎஃப் ஆனாலும், 1946ல் ஜெய்ப்பூரில் தொடங்கிய என்பிசி ஆனாலும், 6202 என்றால் அதே மூன்று அளவுகள்தான். போட்டியாளர்கள் சரக்கைத் தனித்தனியாக விற்கிறார்கள், அளவைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

ஏன் வைத்தார்கள்? என் வாதம் இங்கேதான் தொடங்குகிறது. பேரிங்கை லட்சக்கணக்கில் வாங்குவது நீங்களும் நானும் அல்ல, எந்திரம் செய்பவர்கள். தங்கள் தொழிற்சாலை ஒரே விற்பனையாளரிடம் சிக்கிக்கொள்ள அவர்கள் விரும்பமாட்டார்கள். ஒருவர் விலை ஏற்றினால் அடுத்தவரிடம் போக வழி வேண்டும். அளவு பொதுவாக இருந்தால்தான் அந்த வழி திறக்கும். கையில் பலமுள்ள வாங்குபவர் இருக்கும் இடத்தில் பொது அளவு நிலைக்கிறது. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சுதந்திரத்தை அனுபவிக்கிற அதே பைக் நிறுவனம், தன்னிடம் வாங்குபவருக்கு அதை முழுதாகத் தருவதில்லை. பொது எண்ணுள்ள பேரிங்கைத் தன் பெட்டியில் போட்டு, தன் நீண்ட பாக எண்ணை ஒட்டி விற்கிறது. சில நிறுவனங்களின் உதிரிபாகப் பட்டியலில் பேரிங் எண்ணும் கூடவே இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் உரிமையாளர் கைக்கு வரும் கையேட்டில் அதைத் தேடிப் பாருங்கள்.

மறுப்புகள் உண்டு. சக்கரம் உயிர் சம்பந்தப்பட்டது, தெரியாதவர் கைவைக்கலாமா என்பார்கள். வைக்க வேண்டாம். ஆனால் ஆட்டம் பார்ப்பதில் ஆபத்து இல்லை, பார்க்காமல் ஓட்டுவதில்தான் இருக்கிறது. மாற்றும் வேலையை மெக்கானிக்கிடம் விட்டாலும், எந்த எண் போட்டார், சீல் புதியதா என்று கேட்பவரிடம் அரைகுறை வேலை நடக்காது. பொது எண் என்றால் போலிக்கும் வசதி என்பது அடுத்த மறுப்பு. சந்தையில் போலி பேரிங் இருப்பது உண்மை. ஆனால் போலி செய்பவர் எண்ணைத் திருடுவதில்லை, பெயரைத் திருடுகிறார்; பைக் நிறுவனத்தின் பெட்டியும் அவருக்கு விலக்கு அல்ல. பெட்டியைச் சரிபார்க்கப் பெரிய பேரிங் நிறுவனங்களே செயலி வைத்திருக்கின்றன. நான்கு இலக்கம் மட்டும் போதாது, சீல், இடைவெளி, கிரீஸ் எல்லாம் பொருந்த வேண்டாமா என்பது மூன்றாவது; மூன்றிலும் கனமானது இதுதான். சில வண்டிகளில் பட்டியலுக்கு வெளியே தனியாகச் செய்வித்த அளவும் வரும். அப்படியானால் பின்னொட்டையும் சேர்த்தே அச்சிட வேண்டும், தனி அளவு என்றால் தனி அளவு என்று சொல்ல வேண்டும். எழுத இன்னும் சில எழுத்துகள் இருக்கின்றன என்பது எழுதாமல் விடக் காரணம் ஆகாது.

எண்ணைத் தெரிந்துகொள்ளும் இந்த உரிமையால் அதிகப் பயன் பெறப்போவது வீட்டில் ஸ்பானர் பிடிப்பவர்கூட அல்ல, தெருமுனை மெக்கானிக். எண் தெரிந்தால் கம்பெனி உதிரிபாகம் வரக் காத்திருக்காமல் பக்கத்து பேரிங் கடையில் வாங்கி அன்றே வண்டியைக் கொடுத்துவிடுவார். ஆகவே கேட்க வேண்டியது சிறியது: ஒவ்வொரு மாடலுக்கும் முன், பின் சக்கர பேரிங், ஸ்ப்ராக்கெட் பக்கம் இருந்தால் அதுவும், ஆயில் சீல் அளவு, ஆக்சில் நட்டின் முறுக்கு அளவு. கையேட்டில் கால் பக்கம் பிடிக்கும். புது வண்டி வாங்கப் போகிறவர்கள் மைலேஜ் கேட்கும் அதே மூச்சில் இதையும் ஷோரூமில் கேளுங்கள். விற்பனையாளருக்குத் தெரியாது, உள்ளே போய்க் கேட்டு வருவார். நாலு பேர் கேட்டால் எரிச்சல்படுவார், நாற்பது பேர் கேட்டால் மேலிடத்துக்கு எழுதுவார். எந்திரம் செய்பவர்கள் பேரிங் கம்பெனிகளிடம் சாதித்தது இதே முறையில்தான்; அவர்களுக்கு இருந்த பலம் நமக்கு எண்ணிக்கையில் மட்டும்தான் கிடைக்கும்.